நாலாவது ஆளுக்கு ஒரு பட்டை

இலுப்பூரில் வெள்ளைச்சாமி என்று விசாரித்தால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். பாட்டுக்கடை வெள்ளைச்சாமி என்று கேட்டால்தான் சரியான ஆளிடம் கொண்டுபோய் விடுவார்கள். அவருக்குச் சொந்தமாகக் கடை ஒன்றும் கிடையாது. பாடவும் வராது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கள்ளுக்கடை கள்ளுக்கடையாகக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கடையில் எந்த நேரத்துக்கு யார் பாடுவார்கள் என்று காட்டிக்கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. மாடு வாங்க வந்தவர்கள், விராலிமலையில் சாமி கும்பிட்ட கையோடு வேறு பக்கம் கண்ணை ஓட்டுகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் என்று வாரத்துக்கு இரண்டு கூட்டமாவது அவர் பின்னால் போகும்.

ஒரு கடையில் ஒரு பட்டைக் கள், ஒரு பாட்டு. பிறகு எழுந்து அடுத்த கடைக்கு நடக்க வேண்டும். அது அவர் வைத்த சட்டம். பனையோலையை மடித்துக் கட்டி அதில் கள்ளை ஊற்றித் தருவார்கள், அதற்குத்தான் பட்டை என்று பேர். "ரெண்டாவது பட்டைக்கு உக்காந்தவனுக்குப் பாட்டுக் கேக்காது, அவன் பேச்சுத்தான் அவனுக்குக் கேக்கும்" என்பார்.

நான் ராமு. அவர் இருந்த தெருவிலேயே குடியிருந்துகொண்டு, கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்தேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். சட்டை உடம்பை இறுக்கிப் பிடிக்கிறதென்றால் அளந்தவன் தப்பு, இல்லாவிட்டால் வெட்டினவன் தப்பு. அதற்கு மேல் மூன்றாவது காரணம் தேடுகிறவன் சோம்பேறி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதற்கு என்னிடம் இரண்டு காரணமும் இல்லை.

வெள்ளைச்சாமிக்கு ஒரே அண்ணன், சோலையப்பன். கள்ளுக்கடைகளில் பாடிப் பேர் வாங்கியவர் அவர்தான். தம்பி அவர் பின்னாலேயே சுற்றிச் சுற்றித்தான் இந்தக் கடைகளும் பாட்டுக்காரர்களும் பழக்கமானார்கள். அண்ணன் பேரை எடுத்தாலே தம்பிக்கு முகம் மலரும். 1940இல் சோலையப்பன் மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினார். போகும்போது போட்டுக்கொண்டு போன இரண்டு சட்டையும் நான் தைத்தவை. ஒன்றரை வருஷம் கடிதம் வந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு ஒன்றும் இல்லை. சண்டை முடிந்து திரும்பிய ஒருவர், சோலையப்பனைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை என்றும் சொன்னார்.

ஊரில் அவர் மனைவி அமராவதி இருந்தார். பிள்ளை கிடையாது. வெள்ளைச்சாமி வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு மண்சுவர். ஒவ்வொரு வருஷமும் மாளய அமாவாசை நெருங்கினால் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். செத்தவருக்குப் படையல் போடாமல் விட்டால் பசியோடு அலைவார் என்று ஒரு பக்கம். உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் போட்டால் அந்த நிமிஷமே அவர் உயிர் போய்விடும் என்று இன்னொரு பக்கம். போடுவதானால் தம்பிதான் போட வேண்டும், அன்றைக்கே அமராவதியின் தாலியும் இறங்க வேண்டும். "செத்ததைப் பாத்தவன் யாரு?" என்று கேட்டு வெள்ளைச்சாமி ஒவ்வொரு வருஷமும் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அமராவதியைக் கேட்டால், "தம்பி சொல்றதுதாங்க" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

1948இல், எங்கள் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷ மாளய அமாவாசைக்குச் சொந்தக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் வருவோம், படையலா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லு, இல்லை என்றால் இனி உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் இல்லை. மதுவிலக்கு வந்து, கள்ளுக்கடைகளையும் அதே அமாவாசையிலிருந்து மூடச் சொல்லி உத்தரவு. ஆகவே அதற்கு முந்தின நாள் வெள்ளைச்சாமிக்கு இரண்டு கவலை. பிழைப்பு அன்றோடு சரி. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று விடிவதற்குள் அவர் வாயால் சொல்லியாக வேண்டும்.

அன்று பார்த்து மணமேல்குடியிலிருந்து திருப்பதி வந்து நின்றார். கருவாட்டு வியாபாரி, வாய் ஓயாத மனிதர், வருஷத்துக்கு இரண்டு தடவை வெள்ளைச்சாமியோடு சுற்றுகிறவர். "கடைசி நாளுங்க. மூணு கடையையும் ஒரு சுத்துச் சுத்தாமப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்றார். நானும் மிஷினை மூடிவிட்டுக் கிளம்பினேன். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

ஊர் எல்லை தாண்டவில்லை, திருப்பதி நின்றுவிட்டார். "மூணு பேராப் போறோமே, ஆகாதுங்களே."

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போக நேர்ந்தால் வழியில் ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாலு பேர் என்று சொல்லிக்கொள்வார்கள். காரியம் முடிந்ததும் கல்லை வீசிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். வெள்ளைச்சாமி குனிந்து உள்ளங்கை அளவில் ஒரு கருங்கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அதுவரைக்கும் தப்பில்லை.

முதல் கடை ஊருணிக்கரையில். கடைசி நாள் என்பதால் உடுக்கைக்காரரைச் சுற்றி ஏகப்பட்ட கூட்டம். எத்தனை பட்டை என்று கடைக்காரர் கேட்டார்.

"நாலு" என்றார் திருப்பதி. "நாலாவது ஆளு மடியில இருக்காரு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளைச்சாமியும் சிரித்துக்கொண்டே கல்லை எடுத்து ஓர் இலையில் வைத்தார்.

"ஆளுன்னா பேரு வேணுமேங்க?"

"சோலையப்பன். எங்க அண்ணன். அவரு இல்லாம எனக்குக் கடைசி நாளா?" என்று சொல்லி, நாலாவது பட்டையைத் தூக்கிக் கல்லின் மேல் ஊற்றினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. வழிக்கல்லுக்கு யாரும் பேர் வைப்பதில்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டாவது கடை ஒரு மைலுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில். அங்கே பாடுகிறவர் ஆண்டியப்பன், அம்மையில் கண் போனவர். வந்தவர்களின் பேரைக் கோத்துத் தெம்மாங்கு பாடுவார். வெள்ளைச்சாமி முன்னால் ஓடிப்போய் அவர் காதில் பேர்களைச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். வந்து உட்கார்ந்தவன் தன் பேர் பாட்டில் வந்ததும் வாயைப் பிளப்பான். அன்றும் அப்படித்தான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, பாதி வழியில் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார். நாங்கள் போய் உட்கார்ந்ததும் திருப்பதியின் கருவாட்டு வாசனையைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு. என் கத்தரிக்கோலை இழுத்து ஒன்று. வெள்ளைச்சாமிக்கு ஒன்று. முடிந்தது என்று நாங்கள் பட்டையை எடுத்தோம். ஆண்டியப்பன் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பாடினார்.

கடல்தாண்டிப் போன மச்சான், சோலையப்பா
கால்கடுக்க நிக்கிறியே, சோலையப்பா
எல்லாரும் உக்காந்தாச்சு, சோலையப்பா
ஒனக்கு மட்டும் எடமில்லையே, சோலையப்பா

வெள்ளைச்சாமி எழுந்து போய் அவர் தோளைப் பிடித்தார். "இந்தப் பேரை யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"நீதானப்பா சொன்னே."

"நான் மூணு பேருதானே சொன்னேன்."

"மூணு சொல்லிட்டுப் போனே. பொறகு திரும்பி வந்து நாலாவதையும் சொல்லிட்டுப் போனியே. ஒன் கொரல்தான். கொஞ்சம் கட்டியிருந்துச்சு, பனியில நின்னியோன்னு நெனச்சேன்."

முதல் கடையில் சிரித்தவன் எவனாவது முந்திக்கொண்டு வந்து சொல்லியிருப்பான் என்று நான் சொன்னேன். "என் கொரல்லயா?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி. அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே குரல் என்றும், அண்ணன் குரல் கொஞ்சம் கட்டை என்றும் எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல நான் தயாராக இல்லை.

மூன்றாவதான ஒத்தப்பனைக் கடைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. நிலா இல்லாத நாள். அங்கே சுண்டல் விற்கிற செவந்தி என்ற அம்மாள் ஒப்பாரி பாடுவாள். பேர் சொல்லாமல்தான் பாடுவாள். கேட்டுவிட்டு அவனவன் தன் வீட்டுச் சாவை நினைத்து மூக்கைச் சிந்துவான். அதுதான் வெள்ளைச்சாமியின் கடைசிப் பாட்டு, அதற்குப் பிறகு எல்லோரும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்று பாட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் போதையில் இருந்த திருப்பதி அவர் மடியிலிருந்த கல்லை எடுத்து மண்ணில் குத்தி நிறுத்தி, "சோலையப்பண்ணே, இந்தாங்க ஒங்க பட்டை" என்று கவிழ்த்துவிட்டார்.

செவந்தி விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "யாருக்கு ஊண்டியிருக்கீங்க?"

"சும்மா வெளையாட்டுக்கு" என்றேன்.

"கல்லை நட்டு, பேரு சொல்லி, ஊத்திக் குடுக்கிறது வெளையாட்டாய்யா?"

அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் ஒரு கல்லை ஊன்றி, அதை அவராகவே நினைத்து, பேர் சொல்லி, அவருக்குப் பிடித்ததை முன்னால் வைப்பார்கள். கருமாதி அன்று அதைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டால்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். எத்தனை சாவு வீட்டில் நானே நின்று பார்த்திருக்கிறேன்! படையல் போட மாட்டேன் என்று வருஷக்கணக்காக ஒற்றைக்காலில் நின்ற மனிதர், வழிக்கல்லுக்கு அண்ணன் பேரை வைத்து அந்த வேலையைத் தன் கையாலேயே தொடங்கிவிட்டார்.

வெள்ளைச்சாமி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "இப்ப என்ன செய்ய?"

"எறந்தவரா இருந்தா தண்ணியில போடுங்க, போயிச் சேந்துருவாரு. இருக்கிறவரா இருந்தா போடாதீங்க, அதோட போயிருவாரு."

"எதுன்னு தெரியலையே, ஆத்தா."

"அப்ப எடுத்து வச்சுக்கங்க. ஆனா கூப்பிட்டாச்சு. வராம இருக்கமாட்டாரு." அவள் பாடவில்லை. சுண்டல் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திருப்பதி வண்டிப்பேட்டைப் பக்கம் பிரிந்து ஓடினார். நாங்கள் இருவரும் திரும்பி நடந்தோம். என் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு செருப்புச் சத்தமும் கேட்டது. வெள்ளைச்சாமி செருப்புப் போடுவதில்லை. நான் நின்றேன், அது ஒரு அடி வைத்துவிட்டு நின்றது. எதிரொலி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்டவெளியில் எதிரொலி ஏது என்றும் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துபோயிருந்தேன்.

ஊருணிக்கரையில் வெள்ளைச்சாமி கல்லை ஓங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் கையை இறக்கிவிட்டார். என் துண்டில் ஒரு பாதியைக் கிழித்துக் கல்லைச் சுற்றி, தையற்காரன் முடிச்சாக நானே ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுத் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

விடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். "எங்க அண்ணன் இருக்காரு. படையல் கிடையாது" என்றார் வெள்ளைச்சாமி. அவர்கள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்கள். வாசற்படியில் நின்ற அமராவதி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். பாவம், தாலி தங்கியதில் மனசு ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அதன் பிறகு வெள்ளைச்சாமி திருவிழாக்களுக்கு நாடகமும் கரகமும் பேசிவிடுகிற தரகரானார். பட்டப்பேர் மாறவில்லை. ஆனால் யாரோடும் சேர்ந்து நடக்கமாட்டார். இரண்டு பேர் எதிர்ப்பட்டு, "வாங்க, சேந்து போவோம்" என்றால், செருப்பே போடாத மனிதர் காலில் முள் எடுக்கிற மாதிரி குனிந்து பின்தங்கிவிடுவார்.

1953 தை மாதம், திருச்சி பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி வெள்ளைச்சாமி வீட்டை விசாரித்தார். பொழுது சாய்வதற்குள் ஊரே அங்கே கூடிவிட்டது. சோலையப்பன்! தலை நரைத்து, இரண்டு பல் போயிருந்தது. சயாமில் காய்ச்சல் கண்டு நாலைந்து வருஷம் தான் யார் என்றே நினைவில்லாமல் கிடந்ததாகச் சொன்னார். கேட்டதில் பாதிக்குச் சரியாகப் பதில் சொன்னார், மீதிக்குச் சும்மா இருந்தார். பாடச் சொன்னோம், மறந்துபோச்சு என்றார். அமராவதி ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். முறுக்கிக்கொண்டு போயிருந்த சொந்தமெல்லாம் அன்று அங்கே சாப்பிட்டது.

மறுநாள் காலை வெள்ளைச்சாமி என் கடைக்கு வந்து துண்டு முடிப்பைக் கொடுத்தார். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே கல் இல்லை.

"நேத்துத்தான் பெட்டியத் தொறந்தேன்" என்றார். "ராமு, நீ அவருக்குச் சட்டை தச்சவன். அளந்து பாரு."

அளவு நோட்டுகளை நான் தூக்கிப்போடுவதில்லை. 1940 நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, புதுச் சட்டைக்கு என்று சொல்லி அந்த மனிதரை வரவழைத்தேன். தோள் பதினேழரை. மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பது. கழுத்து, கை எல்லாமே நோட்டில் இருந்தபடியே இருந்தன. என் தொழிலில் இரண்டு தீபாவளிக்கு ஒரே இடுப்போடு வந்த ஆளை நான் கண்டதில்லை. பதிமூன்று வருஷம் காட்டிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் கிடந்தவருக்குக் கால் அங்குலம்கூட ஏறவுமில்லை, குறையவுமில்லை. டேப்பை மாற்றி அளந்தேன், அதுவும் அதையே சொன்னது. கழுத்தில் கை பட்டபோது சில்லென்றிருந்தது. தை மாதக் குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"சரியா இருக்குண்ணே" என்று வெள்ளைச்சாமியிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்த மனிதரோடு வெள்ளைச்சாமி ஒரு பந்தியில் உட்காரவில்லை. அண்ணே என்று ஒரு தடவை கூப்பிடவில்லை. எந்த அண்ணனுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாரோ அவர் வாசலில் வந்து நின்றால், இவர் கொல்லைப் பக்கமாக வெளியே போய்விடுவார். என்னிடம் மட்டும் அடிக்கடி சொல்வார், "ஒரு பொம்பளையை நான் எதுகிட்டயோ குடுத்துட்டேன் ராமு." அவர் உடம்பைத் தின்றது அதுதான்.

1964இல் படுத்துவிட்டார். சாவதற்கு மூன்று நாள் முன்னால் மதினியைக் கூட்டி வரச் சொன்னார். அமராவதி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். கல் எடுத்தது, பேர் வைத்தது, ஊற்றியது, முடிச்சு என்று ஒன்று விடாமல் சொன்னார் வெள்ளைச்சாமி. "மதினி, ஒங்க வீட்டுல இருக்கிறது எங்க அண்ணன் இல்ல. நான் கூப்பிட்டு வந்தது. என்னை மன்னிச்சிருங்க" என்று சொல்லி அழுதார்.

அமராவதி அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். "தெரியும் தம்பி" என்றார்.

துடைத்த முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு மேலே சொன்னார்.

"வந்தது ஆளோ ஆவியோ, நான் கேட்டதில்ல. ஒங்க அண்ணன் இல்லேங்கிறது வந்த அன்னைக்கே தெரியும். அவருதான் வந்துட்டாருங்கிற பயத்துல சோத்துல உப்பை ரெண்டு மடங்கு போட்டுட்டேன். எலையைத் தூக்கி வீசலை, என் தலைமயித்தைப் புடிக்கலை. தண்ணியக் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னாரு. இந்தப் பதினோரு வருசத்துல என் மேல ஒரு அடி விழுந்ததில்ல தம்பி. ஒவ்வொரு அமாவாசைக்கும் அண்ணன் இருக்காருன்னு நீங்க அடிச்சுச் சொல்லுவீங்க. நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடப்பேன், எங்க நெசமாவே வந்துருவாரோன்னு."

"அண்ணனா? ஒங்களை அடிப்பாரா?" என்றார் வெள்ளைச்சாமி.

அமராவதிக்குக் கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நடுவுல ஒரு மண்சுவருதானே தம்பி இருந்துச்சு. ஒங்களுக்குக் கேக்கலையா?"

வெள்ளைச்சாமி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நானும் அந்தத் தெருக்காரன்தான். எனக்கும் கேட்டிருக்கிறது.